செவலை நாயும் ருஷ்ய ஜமீனும்

டால்ஸ்டாயோட 'போரும் அமைதியும்' புத்தகத்தைத் தடிமனைப் பார்த்தே தள்ளி வெச்சவங்க நம்மள்ல நிறைய பேர் இருப்பீங்க :-) படிச்சவங்களுக்கு அதுல வர்ற வேட்டை கண்டிப்பா ஞாபகம் இருக்கும். மூணு பேரோட நாய்கள் ஒரு முயலைத் துரத்தும். அதுல ரெண்டு, பெரிய பண்ணைக்காரங்களோட உயர்ஜாதி நாய்கள். இலாகின்ங்கிறவர் தன்னோட யெர்ஸாவை எப்படி வாங்கினார் தெரியுமா? மூணு பண்ணையடிமைக் குடும்பங்களைக் கொடுத்து! மனுசங்களைக் கொடுத்து நாய் வாங்கின காலம் அது. கடைசியில முயலைப் பிடிக்கிறது யாரு? 'மாமா'ன்னு எல்லாரும் கூப்பிடுற, பெருசா வசதியில்லாத ஒரு கிழவரோட சேறு அப்பின செவலை நாய், ருகாய்.

அந்த நாய்களோட இனத்துக்குப் பேர் போர்ஸாய். ருஷ்ய மொழியில 'வேகமானது'ன்னு அர்த்தம். ஆண் நாய் தோள் உயரம் 75ல இருந்து 85 செ.மீ. வரைக்கும் வரும். குறுகின நீண்ட முகம், வில்லா வளைஞ்ச முதுகு, பட்டு மாதிரி முடி. வேட்டை முறையே ஒரு படையெடுப்பு மாதிரிதான். மோப்ப நாய்க் கூட்டம் காட்டுக்குள்ள புகுந்து ஓநாயை வெளியே விரட்டும். வெட்டவெளிக்கு வந்ததும் ரெண்டு மூணு போர்ஸாய்களை அவிழ்த்து விடுவாங்க. அதுங்க பாய்ஞ்சு போய் கழுத்தைக் கவ்வி அமுக்கி, குதிரையில ஆள் வர்ற வரைக்கும் பிடியை விடக்கூடாது.

இதுக்கு எவ்வளவு ஆள் அம்பு வேணும்னு யோசிச்சுப் பாருங்க. 1861ல ருஷ்யாவில் பண்ணையடிமை முறையை ஒழிச்சாங்க. இலவச உழைப்பு நின்னதும் பல பண்ணைகளோட நாய்க்கொட்டில்கள் காலியாச்சு. அப்புறமும் தாக்குப்பிடிச்சது ராஜ குடும்பத்துப் பெருந்தனக்காரங்கதான். கிராண்ட் டியூக் நிக்கோலாய் நிக்கோலயெவிச், 1887ல தூலா மாகாணத்துல பெர்ச்சினோங்கிற எஸ்டேட்டை வாங்கி, உலகப் புகழ்பெற்ற நாய்ப்பண்ணையா ஆக்கினார். 1917ல புரட்சி வந்துச்சு. எஜமானர்களோட அடையாளமா இருந்த நாய்களும் எஜமானர்களோட சேர்ந்து போச்சு. ஏராளமான நாய்கள் கொல்லப்பட்டன.

சரி, ஓநாயும் பனியும் இருக்கிற கதையை போடிநாயக்கனூர்க்காரன் நான் ஏன் பேசறேன்? எங்க பக்கத்துலயும் இதே கதை நடந்திருக்கு மக்களே. முடிவுதான் கொஞ்சம் வேற.

போடியில இருந்து தேவாரம், இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் வழியா உத்தமபாளையம் பஸ்ல போனா நடுவுல கோம்பைன்னு ஒரு ஊர். மலை சூழ்ந்து ஒடுங்கின பள்ளத்தைக் கோம்பைன்னு சொல்றது இந்தப் பக்கத்து வழக்கம். ஊரைப் பார்த்தாலே பேர்க் காரணம் புரியும், பின்னாடியே மேற்குத் தொடர்ச்சி மலை. நாயக்கர் காலத்துல பாளையமா இருந்து அப்புறம் ஜமீன் ஆன ஊர். எங்க போடியும் அப்படித்தான். அந்த ஊர் பேர்லயே ஒரு நாய் இருக்கு.

கோம்பை நாய், போர்ஸாய்க்கு நேர் எதிர். ஒல்லிக்கால் ஓட்டக்காரன் இல்ல. அகன்ற மார்பு, திரண்ட கழுத்து, குட்டை முடி, செம்மண் நிறம், வாய்ப்பக்கம் மட்டும் கரி பூசின மாதிரி கருப்பு. போர்ஸாய்க்கு நம்ம ஊர்ல உறவுமுறை சொல்லணும்னா கரிசக்காட்டுச் சிப்பிப்பாறையும் கன்னியும்தான் சரியா வரும். வெட்டவெளியில முயலைக் கண்ணால பார்த்துத் துரத்துற நாய்கள் அவை. எங்க மலையடிவாரத்துல வெட்டவெளி ஏது? புதரும் பாறையும், அதுக்குள்ள காட்டுப்பன்னியும்தான். அதை மறிச்சு நிறுத்தத் துணிச்சலும் தாடையும் வேணும். நிலம் எப்படியோ நாய் அப்படி.

மருது சகோதரர்கள் படையில கோம்பை நாய் இருந்துச்சுங்கிற கதையை நீங்களும் கேட்டிருப்பீங்க. செவிவழிக் கதையை செவிவழிக் கதையாவே வெச்சுக்குவோம். ஏட்டுல இருக்கிற வரலாறே போதும். 1948ல சென்னை மாகாணத்துல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. 1972ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. முதல் சட்டத்தோட எஜமான் போனார், ரெண்டாவதோட வேட்டை போச்சு. ருஷ்யக் கணக்குப்படி பார்த்தா கோம்பை நாய் அப்பவே அழிஞ்சிருக்கணும்.

அழியல. ஏன்னா ஜமீன் கொட்டிலுக்கு வெளியேயும் அதுக்கு வேலை இருந்துச்சு. தோட்டத்துக் கிணத்தடியில, ஆட்டுக்கிடையில, போடிமெட்டுக்கு மேல ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோர் வாசல்ல காவல். ஒரு கிலோ ஏலக்காய் என்ன விலைன்னு தெரிஞ்சவங்களுக்கு ஒரு நல்ல நாயோட மதிப்பும் தெரியும். ஜீப்ல மலையேறி வேலைக்குப் போற சனங்களும், கேப்பைக் களியும் மோரும் ஊத்தி நாய் வளர்த்த சம்சாரிகளும்தான் இந்த இனத்தைக் காப்பாத்தினாங்க. ருகாய் ஜெயிச்ச கதைதான் இங்கேயும்!

ஆனா இப்ப வேற ஆபத்து. 2005ல இந்திய அஞ்சல் துறை நாலு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டப்ப ராஜபாளையம் இருந்துச்சு, கோம்பை இல்ல. 1980களின் தொடக்கத்துல சைதாப்பேட்டையில அரசு ஆரம்பிச்ச நாட்டு நாய் இனப்பெருக்க மையத்துல கோம்பையும் இருந்துச்சு. அந்த மையத்தை மூடச் சொல்லி 2016ல உயர் நீதிமன்றம் உத்தரவிட்டுச்சு. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் வானொலிப் பேச்சுல ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோட கோம்பை பேரையும் சொன்னார். மத்திய அரசு நிறுவனம் தனி இனமா முதல்ல பதிவு பண்ணின மூணு நாய்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல். அந்த மூணுல கோம்பை இல்ல. பேர் மட்டும் பரவி, பதிவு இல்லைன்னா என்ன ஆகும்? வாய் கருப்பா இருக்கிற செவலைக் குட்டியெல்லாம் 'ஒரிஜினல் கோம்பை'ன்னு விலை போகும். அதுதான் நடக்குது.

வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. இது காவல் நாய், ஷோகேஸ் பொம்மை இல்ல. நாள் முழுக்கக் கட்டிப் போட்டா வெறி ஏறும். தினமும் நல்லா ஓட விடணும். குட்டியிலேயே வெளி ஆட்களையும் பிள்ளைகளையும் பழக்கணும். நாட்டு நாய்க்கு நோயே வராதுங்கிறது சுத்தப் பொய். டிஸ்டெம்பர், பார்வோ, வெறிநோய்த் தடுப்பூசி அவசியம். உண்ணியைக் கவனிக்காம விட்டா உண்ணிக் காய்ச்சல் ஆளையே சாய்ச்சிடும். காசு இருக்கு, போர்ஸாயே வாங்கறேன்னு கிளம்புறவங்க யோசிங்க. அந்த நீள முடியோட நம்ம சித்திரை வெயில் அதுக்குச் சித்திரவதை. வயிறு முறுக்கிக்கிற நோய் வேற அதுக்கு வரும். மயக்க மருந்து கொடுக்கவும் அனுபவமுள்ள டாக்டர் வேணும்.

போர்ஸாய் கதையில ஒண்ணு பாக்கி. புரட்சிக்கு முன்னாடி வெளிநாட்டுக்குப் பரிசாவும் விலைக்கும் போன நாய்களால அங்கே இனம் பிழைச்சுது. ருஷ்யாவுக்குள்ள? கொசாக் கிராமங்கள்ல சாதாரண வேட்டைக்காரங்ககிட்ட கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. 1940களின் கடைசியில கான்ஸ்தந்தின் எஸ்மோன்ட்ங்கிற சோவியத் சிப்பாய், அந்தக் கிராமங்கள்ல பார்த்த நாய்களை வகை வகையாப் பிரிச்சு, விவரமாக் குறிச்சு வெச்சார். இப்படியே விட்டா இனம் கலைஞ்சிடும்னு அரசாங்கத்துக்கிட்ட வாதாடினார். ரோமத் தொழிலுக்கு உதவுற நாய்னு சொல்லி ஒத்துக்கவும் வெச்சார். அதுக்கப்புறம்தான் அங்கே முறையான இனப்பெருக்கம் வந்துச்சு.

டியூக்கோட பணத்தால முடியாததை ஒரு சிப்பாயோட நோட்டுப்புத்தகம் செஞ்சிருக்கு. கோம்பை, தேவாரம், போடி, மேலே பூப்பாறை வரைக்கும் வீடு வீடாப் போய், எந்த நாய், அதுக்குத் தாய் தகப்பன் எது, நிறம் என்ன, உயரம் என்னன்னு எழுதி வெச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. இன்னைக்குக் கையில ஆளுக்கொரு கேமரா இருக்கு. தேனிப் பக்கத்துப் பதிவர்கள் யாராவது சேர வர்றதா இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. கோம்பைத் தெருவுல இருந்தே ஆரம்பிச்சிடலாம்.

டிஸ்கி: நாயை வெச்சு வேட்டைக்குப் போறது சட்டப்படி குற்றம். 'அண்ணே, பன்னி வேட்டைக்கு நாய் கிடைக்குமா'ன்னு யாரும் கேட்டுடாதீங்க சாமி!