புது டயர் ஏன் வழுக்குகிறது? ஒரு மெழுகு விசாரணை

பைக்குக்குப் புது டயர் மாட்டி முடித்ததும் கடைக்காரர் சொல்வது அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்றுதான். "ரெண்டு நாளைக்குப் பாத்து ஓட்டுங்க சார், மேல மெழுகு இருக்கும், வழுக்கும்." டயர் கம்பெனிகளும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கின்றன. முதல் 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர், திடீர் பிரேக் வேண்டாம், ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக முறுக்க வேண்டாம், வளைவில் வண்டியை ரொம்பச் சாய்க்க வேண்டாம். அவர்களுடைய அறிவுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் எண் இது.

அறிவுரை சரி. அந்த மெழுகு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. மெழுகுதான் ஒரே காரணம் என்று நம்பி, புது டயரைப் பெட்ரோல் போட்டுத் துடைப்பவர்கள் உண்டு, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்துவிட்டு "இனி பயமில்லை" என்று முதல் திருப்பத்திலேயே வண்டியைச் சாய்ப்பதில்தான் ஆபத்து.

கதையை 1888-ல் ஆரம்பிக்கலாம். பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். (ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிய வந்தது. அதனால் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. அது தனிக் கதை.) டன்லப்பின் முதல் டயர் முழுக்கக் கைவேலை. ரப்பர் குழாய், மேலே துணி, அவ்வளவுதான். அதற்கு அச்சு கிடையாது, டிரெட் கிடையாது. அச்சே இல்லாதபோது அச்சிலிருந்து ஒட்டிவரும் வழுக்கல் ஏது?

பிரச்சினை வந்தது டயரை அச்சில் வைத்து வேகவைக்க ஆரம்பித்த பிறகு. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது பிசுபிசுப்பு போய் உறுதியாகும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்திருந்தார். டயர் தொழிற்சாலையில் நடப்பதும் இதுதான். வேகாத டயரை உலோக அச்சுக்குள் வைத்து, உள்ளேயிருந்து ஒரு ரப்பர் பையை ஊதி அழுத்தி, சூடேற்றுவார்கள். டிரெட்டின் கோடுகள், பக்கவாட்டு எழுத்துகள் எல்லாம் அப்போது பதிகின்றன. புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகளைப் பார்த்திருப்பீர்கள். அச்சில் சிக்கிய காற்று வெளியேற விடப்பட்ட துளைகளில் ரப்பர் புகுந்ததன் மிச்சம் அவை.

இட்லித் தட்டில் எண்ணெய் தடவாமல் மாவு ஊற்றினால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கேயும். வெந்த ரப்பர் அச்சை விட்டு வராது. ஆரம்பத்தில் மாக்கல் பொடி, அப்பிரகத் தூள், சோப்புக் கரைசல் என்று எதையெதையோ பயன்படுத்தினார்கள். பிறகு சிலிக்கோன் வந்தது. அதை மலிவாகத் தயாரிக்கும் வழியை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் யூஜின் ரோஷோ 1940-ல் கண்டுபிடித்தார். 1943-ல் டவ் கார்னிங் நிறுவனம் சிலிக்கோனுக்காகவே தொடங்கப்பட்டது. முதலில் எல்லாம் போர் விமானங்களுக்கு. போர் முடிந்ததும் இந்தச் சரக்குக்குப் புது வேலை தேட வேண்டியிருந்தது. டயரை அச்சிலிருந்து விடுவிப்பது அப்படிக் கிடைத்த வேலைகளில் ஒன்று.

ஆக, கடைக்காரர் சொல்லும் 'மெழுகு' ஒரு காலத்து உண்மை. ஆனால் இன்றைய தொழிற்சாலைகளில் இந்தப் பூச்சு பெரும்பாலும் டயரின் உள்பக்கத்துக்குத்தான் போகிறது, ஊதிய பை ஒட்டாமல் கழன்று வருவதற்காக. வெளிப்பக்கம் ஒட்டாமலிருக்க அச்சையே மெருகேற்றுகிறார்கள், அல்லது அதற்கு நிரந்தர மேற்பூச்சு கொடுக்கிறார்கள். அப்படியானால் வழுக்கல் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. மெருகேற்றிய அச்சில் வெந்த ரப்பரின் மேல்தோல் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். சாலையின் சிறு சிறு முனைகளோடு அது கொஞ்சம் உரசி, சொரசொரப்பானால்தான் பிடி முழுதாகக் கிடைக்கும். காண்டினென்டல் நிறுவனம் இதைப் புரிந்துகொண்டு, அச்சின் உட்புறத்தையே நுண்ணிய சொரசொரப்பாகச் செய்து, பழக்க வேண்டிய தேவையே அநேகமாக இல்லை என்று விளம்பரப்படுத்தி பைக் டயர்களை விற்றது. வழுக்கலுக்குப் பூச்சு மட்டும் காரணமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மெழுகு நிஜமாகவே உண்டு. அது அச்சிலிருந்து வருவதில்லை, ரப்பருக்குள்ளேயே இருக்கிறது. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். அதைத் தடுக்க ரப்பர் கலவையில் மெழுகையும் வேறு சில ரசாயனங்களையும் சேர்க்கிறார்கள். அவை மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வந்து படலமாகப் படியும். கடையில் மாதக்கணக்கில் கிடந்த டயரின் மேல் சாம்பல், பழுப்பு நிறத்தில் ஒரு மங்கல் தெரிகிறதே, அது பெரும்பாலும் இதுதான். கடைக்காரரின் முடிவு சரி, காரணமும் பாதி சரி!

அடுத்த காரணம் டயரின் வடிவம். என் கணிப்பில் நம் ஊர்ச் சாலைகளுக்கு இதுதான் முக்கியம், ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1960-களில் டன்லப் நிறுவனம் பந்தய பைக்குகளுக்கு முக்கோண வாட்டமுள்ள டயர்களைக் கொண்டுவந்தது. நேராகப் போகும்போது குறுகலாகத் தரையைத் தொடும், சாய்க்கும்போது அகலமான பட்டை தரையில் படியும். அந்தச் சிந்தனையில் சாலைக்கு வந்தது கே81 டயர். 1969-ல் மேன் தீவு டிடி பந்தயத்தில், கடையில் விற்கும் ரக பைக்குகளுக்கான போட்டியில், மால்கம் அப்ஹில் ட்ரையம்ப் பானவில் வண்டியை அந்த டயரில் ஓட்டி, ஒரு சுற்றை மணிக்கு 100 மைலுக்கு மேல் சராசரி வேகத்தில் முடித்தார். டன்லப் உடனே டயரின் பெயரை டிடி100 என்று மாற்றிவிட்டது.

சாய்ந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதை டயரின் வடிவம்தான் பெருமளவு தீர்மானிக்கிறது என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடிய பின் டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகிவிடும். மாதக்கணக்கில் அந்தச் சப்பை டயரோடு பழகிய கை, வண்டியைச் சாய்க்கக் கொஞ்சம் அதிகமாகவே தள்ளிப் பழகியிருக்கும். புது டயரில் அதே தள்ளு தள்ளினால் வண்டி சட்டென்று சாய்ந்துவிடும். டயர் வழுக்காவிட்டாலும் ஓட்டுபவர் பதறுவார், பதற்றத்தில் பிரேக்கைப் பிடிப்பார். அந்த நேரம் பார்த்து மேல்தோலும் வழவழப்பாக இருந்தால் முடிந்தது கதை. உப்புத்தாள் இதற்கெல்லாம் உதவாது. பழக வேண்டியது டயர் மட்டுமில்லை, ஓட்டுபவரும்தான்.

ரிம்மையும் மறக்கக் கூடாது. டயரை ஏற்றும்போது விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். அது காய்வதற்குள் பலமாக முறுக்கினாலோ பிரேக் அடித்தாலோ ரிம்மின் மேல் டயர் நகர வாய்ப்பு உண்டு. முதல் நாள் முறுக்காதே என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"மோட்டோஜிபி-யில் புது டயர் போட்டதுமே முழங்கை தரையில் உரசச் சாய்க்கிறார்களே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 15 நிமிடத் தகுதிச் சுற்றில் புது டயரை மாட்டி, ஓரிரு சுற்றிலேயே தங்கள் சிறந்த நேரத்தை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த டயர்களுக்கு வெளியே வரும் வரை மின்சாரப் போர்வை சுற்றி, நன்றாகச் சூடேற்றி வைத்திருப்பார்கள். பந்தயத் தளமும் சொரசொரப்பானது, மேல்தோல் ஒரே சுற்றில் உரிந்துவிடும். நாம் கடையிலிருந்து எடுப்பது குளிர்ந்த டயர், எதிரே இருப்பது மணல் சிதறிய திருப்பம்.

செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். காற்றழுத்தம் சரியாக இருக்கட்டும். முதல் நாள் மழையில் எடுக்காமலிருந்தால் நல்லது. சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஏனென்றால் டயரின் ஓரம் சாலையைத் தொட்டால்தான் ஓரம் பழகும். நேர்ச்சாலையிலேயே 160 கிலோமீட்டர் ஓட்டினால் நடுப்பகுதி மட்டும்தான் பழகியிருக்கும், ஓரம் இன்னும் புதுசு. பெட்ரோல் துடைப்பு வேண்டாம், அது ரப்பரைக் கெடுக்கும். வண்டியை விடும்போது அழகுக்காக டயர் பாலிஷ் அடிக்க வந்தால், பக்கவாட்டில்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பைக்கில் பக்கவாட்டுக்கும் சாலைக்கும் இடைவெளி கம்மி.