அடிமாட்டு விலையும் நீதிமன்றக் கணக்கும்

'அடிமாட்டு விலைக்குப் போச்சு' என்று பெரம்பலூர், அரியலூர் பக்கம் சொன்னால் கேவலமான விலை என்று பொருள். ஆனால் நிலமில்லாமல், ஒரு கறவை மாட்டை நம்பிப் பால் ஊற்றிப் பிழைக்கும் காலனிக் குடும்பத்துக்கு, கறவை வற்றிய மாட்டை விற்று வரும் அந்தப் பணம்தான் அடுத்த கன்றுக்கு முதல். அறுபது ஆண்டுகளாக நீதிமன்றங்களில் நடந்தது இந்தக் கடைசி விலையைப் பற்றிய வழக்கும்தான்.

1958-ல் முகமது ஹனீப் குரேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் பசுவையும் கன்றையும் கொல்ல முழுத் தடை செல்லும் என்றது. ஆனால் எருதுகளை, பயன் தீர்ந்த பிறகும் கொல்லக் கூடாது என்பது செல்லாது என்றது. தீவனம் பற்றாத நாட்டில் பயனற்ற மாடுகள் பாரம் என்பது அதன் வாதம். மாட்டிறைச்சி உண்ணும் ஏழைகள் என்று முஸ்லிம்கள், கிறிஸ்தவர்களோடு பட்டியல் சாதியினரையும் அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. அதே ஆண்டு இங்கே வந்த விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும், பத்து வயது கடந்து, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் ஆகாத மாட்டைச் சான்றிதழ் பெற்று வெட்ட அனுமதித்தது.

உடனே மாநிலங்கள் சட்டத்தைத் திருத்தி வயதை ஏற்றின. பீகார் 25 என்றது, உத்தரப் பிரதேசம் 20 என்றது. எருது 15 வயதுக்கு மேல் உழைப்பது அரிது, இது மறைமுகமான முழுத் தடையே என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது.

தமிழ்நாட்டில் 1976-ல் வந்த அரசாணை பசுவதையை முழுவதும் தடுத்தது. குஜராத்தில் 16 என்றிருந்த வயது வரம்பை 1994-ன் திருத்தம் அடியோடு நீக்கியது. 2005-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில், அதை ஏற்றது. சாணமும் மூத்திரமும் இருக்கும்வரை மாடு பயனற்றதாகாது என்றது. 1958-ல் ஏழையின் உணவாக இருந்த மாட்டிறைச்சி, இந்தத் தீர்ப்பில் மொத்த இறைச்சி நுகர்வில் 1.3 சதவீதமாகச் சுருங்கிவிட்டது.

சாணத்துக்கு மதிப்புப் போட்ட தீர்ப்பு, தீவனச் செலவை யார் தலையில் வைத்தது? மாடு வளர்ப்பவர் தலையில். செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலை வழக்கம்போல நம் தலையில். அதே குஜராத்தின் ஊனாவில் 2016-ல் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். விலை பறிபோனது, வேலை மட்டும் மிஞ்சியது, அதற்கும் அடி விழுந்தது.

2017 மே மாதம் ஒன்றிய அரசு சந்தையிலேயே கை வைத்தது. வெட்டுவதற்கு அல்ல என்று உறுதிமொழி தராமல் சந்தைக்கு மாட்டைக் கொண்டுவரக் கூடாது என்றது. ஒரு வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது.

அந்தத் தடையில் தப்பியது இறைச்சி வியாபாரம் மட்டுமல்ல, நம் வீட்டு மாட்டின் கடைசி விலையும்தான். அடுத்த திருத்தம் வரும்போது பசுவின் புனிதத்தை மட்டும் பேசினால் போதாது. கறவை வற்றிய பிறகு அதற்குத் தீவனம் போடுவது யார், செத்தால் தூக்குவது யார் என்ற கேள்விக்கும் நீதிமன்றம் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியை நாம்தான் அங்கே கொண்டுபோக வேண்டும்.