பறிக்கும் காடும் பார்க்கும் காடும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இலையுதிர்கால மழை விட்டதும் காளான் தேடிக் கிளம்பும் நண்பர் கூட்டங்கள் இரண்டு திசையில் பிரிகின்றன. சில கூட்டங்கள் கூடையும் கத்தியுமாக ஓபரான் ஊரைச் சுற்றியுள்ள பைன் காடுகளுக்குப் போகின்றன. மற்றவை சிட்னி நகருக்குள்ளேயே இருக்கும் லேன் கோவ் புஷ்லேண்ட் பூங்காவுக்குக் கேமராவோடு போகின்றன. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே பொழுதுபோக்குதான். ஆனால் இரண்டும் கேட்கும் அறிவு வேறு.

ஓபரானின் பைன், மரத் தொழிலுக்காக நட்டு வளர்த்தது. கலிபோர்னியாவிலிருந்து வந்த மரம். அதன் வேரோடு கூட்டு சேர்ந்து வாழ்பவை சாஃப்ரன் மில்க் கேப், ஸ்லிப்பரி ஜாக் என்னும் இரண்டு காளான்கள். அவை மண்ணிலிருந்து நீரும் தாதுவும் எடுத்துக் கொடுக்க, மரம் சர்க்கரை கொடுக்கிறது. அதனால் பைனை விட்டு யூகலிப்டஸ் நிழலுக்குள் போனால் இவற்றைக் காண முடியாது. லேன் கோவில் இருப்பதோ மண்ணுக்கே உரிய காடு. ஓடையோர ஈரத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக மெழுகுக் காளான்கள் முளைக்கின்றன. அந்தக் காளான் சமூகத்தை அழியும் ஆபத்தில் உள்ளதாக மாநில அரசு 2000ஆம் ஆண்டில் சட்டப்படி அறிவித்தது. ஓபரானில் வீட்டுத் தேவைக்குப் பறித்துக்கொள்ளலாம்; இங்கே ஒன்றைக்கூடக் கிள்ளக் கூடாது.

நடையும் மாறுகிறது. பைன் காட்டில் நண்பர்கள் வரிசைக்கு ஒருவராகச் சிதறிப் போவார்கள். சருகு லேசாகப் புடைத்திருந்தால் விலக்கிப் பார்ப்பார்கள். சாஃப்ரன் மில்க் கேப்பின் ஆரஞ்சு நிறக் குடையில் வட்டவட்டமாகக் கோடுகள் தெரியும். அறுத்தால் காரட் நிறத்தில் பால் கசியும், அடிபட்ட இடம் மெல்லப் பச்சை பூக்கும். ஸ்லிப்பரி ஜாக்கின் குடைக்கு அடியிலோ மடிப்புகளே இல்லை, கடற்பஞ்சு போல நுண்துளைகள்தான். லேன் கோவில் யாரும் சிதறுவதில்லை. ஒருவர் கண்ணில் பட்டதும் எல்லோரும் அதைச் சுற்றி மண்டியிடுகிறார்கள். விரல் நகமளவே இருக்கும் குடையைப் பறிக்காமல், அடியில் சின்னக் கண்ணாடியை நீட்டி மடிப்புகளைப் பார்க்கிறார்கள். அரை மணி நேரத்தில் பத்தடி நகர்ந்தால் அதிகம்.

பிழையின் விலையில்தான் பெரிய வேறுபாடு. மெழுகுக் காளானின் பெயரைத் தவறாக எழுதினால் பிறகு திருத்திக்கொள்ளலாம். பறிப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஓக் மரத்தடியில் முளைக்கும் டெத் கேப் என்னும் நச்சுக் காளானைக் கான்பெராவில் சாப்பிட்ட இருவர் 2012இன் தொடக்கத்தில் இறந்தார்கள். சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது. வாந்தி தொடங்கவே பல மணி நேரமாகும். வயிறு சற்றுத் தேறியதுபோல் தோன்றும்போதும் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே பறிப்பவருக்கு நூறு காளான் தெரிய வேண்டியதில்லை. இரண்டை ஐயமறத் தெரிந்தால் போதும். பார்ப்பவருக்கோ ஐயமே துணை. தெரியாத ஒன்றைக் கண்ட நாள்தான் அவருக்கு நல்ல நாள்.

மண்ணின் காளான்களில் உண்ணத் தக்கவையே இல்லையா என்றால், உண்டு. டாஸ்மானியாவில் மிர்ட்டில் மரத்தில் காய்க்கும் ஆரஞ்சு உருண்டைகளையும், நிலத்தடியில் விளையும் ‘நேட்டிவ் பிரெட்’டையும் பழங்குடி மக்கள் உண்டார்கள். குடியேற்றம் அந்த மக்களை நிலத்திலிருந்து விரட்டியபோது அந்த அறிவின் பெரும்பகுதியும் போயிற்று. ஓபரானில் பறிக்கும் ஐரோப்பியக் காளான்களுக்கோ தலைமுறை தலைமுறையாகத் தின்று பார்த்த சான்று இருந்தது; அந்தச் சான்றும் குடியேறியவர்களோடு சேர்ந்தே வந்தது. ஓபரானில் கூடை நிறைவதற்கும் லேன் கோவில் வெறுங்கையோடு திரும்புவதற்கும் இந்த வரலாறும் ஒரு காரணம்.

புதிதாகத் தொடங்கும் நண்பர்கள் முதலில் பார்க்கும் காட்டுக்கே போவது நல்லது. ஏனெனில் இரண்டு காடுகளுக்கும் இடையிலான எல்லைக்கோடு நாம் நினைப்பதுபோல் நேராக இல்லை. இருளில் பச்சையாக ஒளிரும் கோஸ்ட் ஃபங்கஸ் இந்த மண்ணின் காளான்; ஆனாலும் செத்த பைன் கட்டைகளிலும் முளைக்கிறது. பகலில் பார்த்தால் கடையில் வாங்கும் சிப்பிக் காளான்தான் என்று தோன்றும். தின்றால் கடும் வாந்தி. வேண்டியதை மட்டும் தேடிப் பழகிய கண்ணுக்கு அது கூடுதல் வரும்படி. மடிப்பையும் காம்பையும் அது முளைத்த கட்டையையும் பார்த்துப் பழகிய கண், கத்தியை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்கும்.