சின்ட்ரா: கேமராவை விட வயசு குறைஞ்ச அரண்மனை

லிஸ்பனில் ஒரே ஒரு நாள் கையில இருக்கு, எங்க போகலாம்னு யாரைக் கேட்டாலும் சின்ட்ரான்னுதான் சொல்வாங்க. ரோசியோ ஸ்டேஷனில் ரயில் ஏறினா சுமார் 40 நிமிஷம். நான் போன வருஷம் ஆபிஸ் வேலையா லிஸ்பன் போனப்ப, ஒரு ஞாயித்துக்கிழமை டூர் வேனில் ஏறிட்டேன். காலையில மலை உச்சியில் பெனா அரண்மனை, அடுத்து மூர்கள் கோட்டை, ஊருக்குள்ள இருக்கற பழைய அரண்மனைக்கு வெளியே நின்னு ஒரு போட்டோ, சாயங்காலம் கபோ டா ரோகா கடல்முனை. இதுதான் பிளான். இந்த வரிசையோடதான் எனக்குச் சண்டை.

பெனாவை இன்ஸ்டாகிராமில் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. மஞ்சளும் சிவப்புமா, மேகத்துக்குள்ள நிக்கற கோட்டை. வேனில் பாதி பேர் அதை ஆயிரம் வருஷப் பழசுன்னே நினைச்சாங்க. உண்மையில அந்த மஞ்சள் பகுதி கேமராவை விட வயசில் சின்னது! 1839-ல் பாரிஸில் டாகேரோட போட்டோ எடுக்கும் முறையை உலகத்துக்கு அறிவிச்சப்ப, இந்த உச்சியில் இருந்தது பாழடைஞ்ச ஒரு மடம் மட்டும்தான். 1755 நிலநடுக்கத்தில் அடிவாங்கின மடம். 1834-ல் அரசு துறவி மடங்களையே கலைச்சதும் ஆளில்லாமப் போச்சு. 1838-ல் அதை வாங்கினவர் பெர்னாண்டோ. ஜெர்மன்காரர், அரசி இரண்டாம் மரியாவோட கணவர். பழைய மடத்தைச் சிவப்பில் வெச்சுக்கிட்டு, பக்கத்திலேயே மஞ்சளில் தன் கனவுக்கோட்டையைக் கட்டினார். கட்டிக்கொடுத்த எஷ்வேகேயும் ஜெர்மன்காரர்தான், அடிப்படையில் சுரங்க இன்ஜினியர். (இன்ஜினியரிங் முடிச்சவன் எந்த வேலைக்கும் போவான்ங்கறது அப்பவே இருந்திருக்கு.)

எனக்குப் பெனா பிடிக்கும். இடைக்காலத்து மேல பைத்தியமா இருந்த ஒரு ரசிகர் எழுதின ஃபேன் ஃபிக்‌ஷன் அது. ஆனா அதுக்கு மூணு மணி நேரம் கொடுத்துட்டு, ஒரிஜினலை வெளியே நின்னு போட்டோ எடுக்கறதா? மூர்கள் கோட்டைச் சுவர் நிஜமாவே பழசு. 1147-ல் லிஸ்பன் விழுந்ததும் சரணடைஞ்ச கோட்டை. ஆனா அங்கயும் இப்ப நாம ரசிக்கற இடிபாடு, பெர்னாண்டோ தன் ரசனைக்குச் சீரமைச்ச இடிபாடு.

அதனால மதியம் வேனை அனுப்பிட்டு, ஊருக்குள்ள இருக்கற அரண்மனைக்கு டிக்கெட் எடுத்தேன்.

வெளியிலிருந்து பார்த்தா ரெண்டு வெள்ளைக் கூம்புதான் கண்ணுக்குத் தெரியும். 33 மீட்டர் உயரம். ரெண்டுமே சமையலறைப் புகைபோக்கி. உள்ளே நின்னு அண்ணாந்து பார்த்தா தலைக்கு மேல கூரைன்னு தனியா ஒண்ணு கிடையாது, அப்படியே குறுகிக் குறுகி மேலே போகுது. முதலாம் ஜுவாவ் கட்டினதோட நூறு வருஷம் கழிச்சு மானுவேல் ஒரு பகுதியைச் சேர்த்தார். நம்ம லெகசி கோடு மாதிரி, பழசை யாரும் டெலீட் பண்ணல, மேல மேல எழுதிட்டே போயிருக்காங்க. மானுவேல் காலம்னா வாஸ்கோ டா காமா கோழிக்கோடு வந்த காலம். மிளகுக் காசு புரண்ட நேரம். அவர் கட்டின மண்டபத்தோட விதானத்தில் 72 பிரபுக் குடும்பங்களோட சின்னங்கள், பொன் பூச்சோட. யார் யார் ராஜாவுக்கு வேண்டியவங்கன்னு கூரையில ஒரு பட்டியல்.

ஆனா என்னைப் பிடிச்சு நிறுத்தினது வேற ஒரு சின்ன அறை. ஆறாம் அஃபோன்சோ 1656-ல், 13 வயசில் ராஜாவானவர். சின்ன வயசு நோயில் உடம்போட ஒரு பக்கம் செயலிழந்திருந்தது. 1667-ல் தம்பி பெட்ரோ ஆட்சியைப் பிடுங்கினார். அடுத்த வருஷம் அஃபோன்சோவோட திருமணம் ரத்தாச்சு. அதே மனைவியைத் தம்பியே கட்டிக்கிட்டார். அண்ணனை முதலில் அசோரஸ் தீவுக்கு அனுப்பிட்டு, 1674-ல் கொண்டுவந்து இந்த அரண்மனையில் அடைச்சாங்க. 9 வருஷம். அவர் நடந்து நடந்தே தரை தேஞ்சுதுன்னு ஒரு கதை சொல்வாங்க. இத்தனைக்கும் பேரளவில் கடைசி வரைக்கும் அவர்தான் ராஜா. 1683-ல் இங்கேயே அவர் இறந்த பிறகுதான் தம்பி ராஜா பட்டத்தைப் போட்டுக்கிட்டார்.

நான் உள்ளே இருந்தப்ப ஒரு குழு வந்தது. கைடு ரெண்டு வரி சொன்னார், எல்லாரும் எட்டிப் பார்த்தாங்க, போயிட்டாங்க. ஒருத்தர்கூட போட்டோ எடுக்கல. எடுக்கறதுக்கும் அங்க பெருசா ஒண்ணும் இல்ல.

அடுத்த எபிசோடு மாஃப்ரா. பிரேசில் தங்கத்தில் கட்டின அரண்மனை, அதோட நூலகத்தில் பூச்சி பிடிக்க வௌவால்கள் இருக்கு!