மச்சச் சட்டி கவிழ்ந்த நாட்கள்

மீன்பாடும் தேனாடு என்று பெயர்பெற்ற மட்டக்களப்பிலும், ஈழத்தின் ஏனைய பகுதிகளிற் போலவே, புலாலுணவு அனைத்துக்கும் 'மச்சம்' என்பதே பெயர்; மத்ஸ்யம் என்னும் வடசொல் ஆட்டிறைச்சியையும் முட்டையையும் சேர்த்து விழுங்கிவிட்டதெனில், அடுக்களையில் மீனுக்கிருந்த ஆதிபத்தியத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அத்தகைய வாவிக்கரையிலே, வைகாசியிற் கண்ணகை அம்மன் கோயிற் கதவு திறந்து அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடி முடியும்வரை மச்சச் சட்டிகள் தாழ்வாரத்திற் கவிழ்ந்து கிடக்கும். மரக்கறியும் பயறும் தயிருமே ஆகாரம்.

அந்தக் கண்ணகி வழிபாட்டோடு பிணைந்ததே கொம்புமுறி. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, முன்னது கோவலன் பக்கமும் பின்னது கண்ணகி பக்கமுமாக நின்று, வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி வடம்பூட்டி இழுக்க, எவர் கொம்பு முறிந்ததோ அவர் தோற்றார். வென்றவர் பாடும் வசைப்பாட்டைக் கேட்டுக்கொண்டே வீடு திரும்பவேண்டும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலோ, 18 நாள் உற்சவத்திலே பாண்டவராக வேடம் பூண்டோர் விரதங்காத்து, வனவாசமும் அருச்சுனன் தவநிலையும் நிகழ்த்தித் தீமிதிப்பார்கள். எங்கும் ஒருவனுடைய புயத்தை எவரும் அங்குலக்கணக்கில் அளந்ததில்லை. வடத்தைப் பிடித்தானா, விட்டானா என்பதே கேள்வி.

இதனால் விரதமே தேகப்பயிற்சி என்று நான் வாதிக்கவில்லை. வளரும் பிள்ளையைப் பட்டினி போடுவது தர்மமுமன்று, வைத்தியமுமன்று. கீதையைக் கற்குமுன் காற்பந்தாடி உடலை உரமாக்குக என்னும் கருத்தை 1897இல் சென்னையிற் கூறியவர் விவேகானந்தர். அப்பரம்பரையில் வந்த காரைதீவு விபுலாநந்த அடிகளே 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

அண்மையில் எங்கள் வீட்டுப் பதினாறு வயதுப் பிள்ளை சட்டையைக் கழற்றிக் கண்ணாடிமுன் நின்று, மரக்கறி தின்பதாலேயே தன் தோள் விரியவில்லையென்று முறையிட்டு, டின்னில் வரும் மாவுக்குக் காசு கேட்டான். அம்மம்மா பேசாமல் தயிர்முட்டியை நகர்த்திவைத்து, “மனே, உன்ர அப்பப்பா இதைத் திண்டுதான் கொம்பு இழுத்தவர்” என்றார். கிழவியின் கணக்கிற் பிழையில்லை: அரிசியிற் குறையும் லைசினைப் பயறு தருகிறது, பயற்றிற் குறையும் மெத்தியோனினை அரிசி தருகிறது, தாவரத்திற் கிடையாத பி12 எருமைத் தயிரில் உண்டு. ஆனால் அப்பப்பா வயலில் ஏரும் பிடித்தவர் என்பதை அவர் சொல்லாமல் விட்டார். பிள்ளையோ பள்ளிக்கூடத்துக்கு முச்சக்கரவண்டியிற் போய்வருகிறவன்.

சடங்கு முடிந்த மறுநாள் வாவியில் வலை விழும். கவிழ்ந்த சட்டி நிமிரும்.