சீனன்குடாவின் கரிய எண்ணெய்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை வியந்து எழுதாதவர் இல்லை. அதன் அருகே, சீனன்குடாக் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்க் குதங்களுக்குள் இருந்தது என்ன என்று கேட்டவர்கள் குறைவு.

ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும் இக்குதங்களைப் பிரித்தானியர் கட்டினர். அவர்களது போர்க்கப்பல்கள் எரித்தது உலை எண்ணெய். மசகு எண்ணெயிலிருந்து பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றை வடித்தபின் அடியில் எஞ்சும் கரிய, தடித்த எச்சமே பெரும்பாலும் அது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானமொன்று 91ஆம் இலக்கக் குதத்தில் மோதியது. தீ ஏழு நாட்கள் எரிந்ததாகச் சொல்வர். உருகிச் சரிந்த இரும்பு பிற்காலத்திலும் அங்கே கிடந்தது.

அந்த எச்சத்தின் மதிப்பு இன்று வேறு. அதிலுள்ள பெரும் மூலக்கூறுகளை உடைத்து ஐதரசன் ஏற்றினால் டீசல் கிடைக்கும். இடையூறு என்னவெனில், அதில் கலந்திருக்கும் வனேடியமும் நிக்கலும் வழக்கமான ஊக்கியின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. துளையே தேவைப்படாதபடி, மொலிப்தன சல்பைட்டை நனோ அளவுத் துகள்களாக எண்ணெயிலேயே பரவவிடுவது ஒரு தீர்வு. இத்தாலியின் சன்னசாரோ சுத்திகரிப்பு நிலையத்தில் எனி நிறுவனம் 2013இல் இம்முறையைத் தொழில் அளவில் இயக்கியது. (அங்கும் 2016இல் பெரும் தீ விபத்து நேர்ந்தது. எளிய தொழிலன்று இது.)

1969இல் இயங்கத் தொடங்கிய நமது சப்புகஸ்கந்தை நிலையமோ எச்சத்தை ஊக்கியால் உடைக்கும் பிரிவின்றியே கட்டப்பட்டது. பீப்பாயின் அடிப்பகுதி உலை எண்ணெயாகவே வெளிவந்தது.

திருகோணமலைக்கோ அதுவும் வாய்க்கவில்லை. 1987 யூலை 29ஆம் திகதிய இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதம், குதங்களைக் கூட்டாகச் சீரமைத்து இயக்குவது பற்றிப் பேசியது. 2003இல் அவை 35 ஆண்டுக் குத்தகைக்கு லங்கா ஐ.ஓ.சி.யிடம் சென்றன. 2022 சனவரியில் 99 குதங்களும் பங்கிடப்பட்டன: பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, கூட்டு நிறுவனத்துக்கு 61. முப்பத்தைந்து ஆண்டுப் பேரமும் குதம் யாருக்கு என்பதைச் சுற்றியே நடந்தது. அதற்குள் வரும் எண்ணெயை என்ன செய்வது என்பது பேச்சின் மையத்துக்கு வரவேயில்லை. வாடகை வாங்குபவனுக்கும் தொழில் செய்பவனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்பது என் எண்ணம்.

2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க ஒப்பமிட்டன. குதங்களும் குழாய்வழியும் மட்டுமே அம்மையமா, அல்லது சீனன்குடாவின் இளைஞர்களுக்கு ஆய்வுகூடத்திலும் ஆலையிலும் இடமுண்டா? கையொப்பமிட்டவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி இது.