நம்மைச் சுற்றி வரும் ஜீவன்கள்

 

குருநகர்க் கரையில் மீன்பிடிப் படகுகள் வந்தடையும் வேளையில் பூனைகளும் வந்து கூடுகின்றன. வீட்டில் குட்டிகள் பெருகினால் சாக்கிலே கட்டிக்கொண்டு போய் மீன்சந்தையடியில் விட்டுவிடும் வழக்கம் நம்மவரிடையேயும் உண்டு. "எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். இது நமது மார்க்கத்துக்கும் வரலாற்றுக்கும் ஒத்ததுதானா?

பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் கொடாது, தானே இரை தேடவும் விடாது சாகடித்த பெண் நரகத்துக்குரியவளானாள் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களும் பதிவு செய்துள்ளன. நபித்தோழர் அபூகதாதா (ரழி) அவர்கள், வுழூச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமானதன்று; அது நம்மைச் சுற்றி வரும் ஜீவன் என்ற நபிமொழியை அப்போது எடுத்துக் கூறினார்கள். பூனைக்குட்டியின் மீதிருந்த பிரியத்தினாலேயே அபூஹுரைரா (ரழி) அவர்களுக்கு அப்பெயர் வாய்த்தது.

இப்போதனை சமூகக் கடமையாகவும் வளர்ந்தது. 1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் தமது பள்ளிவாசலுக்கருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளின் பராமரிப்புக்கென விட்டுச் சென்றார். காலப்போக்கில் அத்தோட்டம் பலமுறை கைமாறிச் சீரழிந்தது; வருமானமும் அருகிப்போனது. ஆயினும் கடமை அழியவில்லை. செலவின் பெரும்பகுதியைக் காழியே ஏற்றார். பிற்பகலில் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளை அழைத்து இறைச்சிக் கழிவுகளை உண்ணக் கொடுத்தார்கள். ஆங்கிலேயரான எட்வர்ட் லேன் 1836 இல் வெளிவந்த தமது நூலில் இதனை எழுதிவைத்துள்ளார். சொத்துப் போனாலும் பொறுப்புப் போகாது என்பதே இதன் படிப்பினை.

அன்பர்களே! இழப்பு என்னவென்பது நமக்குத் தெரியாததன்று. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, யுத்தம் நெருங்கவே யாழ் நகரத்தினரும் வலிகாமத்தினரும் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். இருமுறையும் மனிதர் போயினர். வாயில்லா ஜீவன்கள் பூட்டிய கதவடியில் நின்றன. அன்று அழைத்துச் செல்ல வழியிருக்கவில்லை. இன்று சாக்கிலே கட்டிச் செல்வதற்கு அத்தகைய நியாயம் ஏதுமுண்டா?

இளைஞர்களே! நால்வராய்ச் சேருங்கள். தெருப் பூனைகளுக்கு ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உணவும் நீரும் வையுங்கள்; மிச்சத்தை அகற்றி அயலவருக்குத் தொல்லை தவிருங்கள். மிருக வைத்தியரை அணுகி விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றுவியுங்கள். குட்டிகள் பெருகாதிருக்கக் கருத்தடை செய்வது குறித்து வைத்தியரிடமும் ஆலிம்களிடமும் கேட்டறியுங்கள். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை குட்டியொன்றைத் தூக்கி வந்தால் அதட்டி விரட்டாதீர்கள். இரக்கத்தின் முதற்பாடம் உங்கள் வாசற்படியில் வந்து நிற்கிறது.

படைப்புகள் அனைத்தின் மீதும் இரக்கம் காட்டுவோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.